உடையாத ஏரியின் கணக்கு

தம்பி,

இந்தக் கடிதத்தைப் பிரித்ததும் உனக்குச் சிரிப்பு வரும். வரட்டும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், ஆனாலும் எழுத்து கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. ஒன்று பூசணிக்காய் போலப் பெருத்துவிடுகிறது, அடுத்தது கடுகாய்ச் சுருங்கிவிடுகிறது. மண்வெட்டி பிடித்த கை இது. பேனாவையும் அதே இறுக்கத்தில் பிடிக்கிறது, அதனால் தாள் அங்கங்கே கிழிந்திருக்கிறது. பொறுத்துக்கொள். சத்துணவுக் கூடத்தில் சாயங்காலம் எழுதப் படிக்கத் தெரியாத எங்களுக்குப் பாடம் நடத்துகிறாளே சுமதி, நம் தெருக்கோடி வீட்டு மருமகள், அவள், "நீங்க சொல்லுங்க மாமா, நான் மடமடன்னு எழுதிக் குடுத்துடறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். இது என் கையால் உனக்கு வரவேண்டியது. ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு பொழுது ஆகிறது. ஆகட்டும், எனக்கு வேறு வேலை என்ன இருக்கிறது, வயல்தான் தண்ணீரில் போய்விட்டதே.

போனில் பேசலாமே என்று நினைப்பாய். போனில் நீ "சரிப்பா, சரிப்பா, வைக்கறேன்" என்கிறாய். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும். போன வாரம் உன்னை நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்கவில்லை, தெரியுமா? பஸ்ஸின் நெற்றியில் இருந்ததை நானே எழுத்துக் கூட்டி 'சிதம்பரம்' என்று படித்து ஏறினேன். கண்டக்டரிடம் போய், "இது சிதம்பரம் பஸ்தான்" என்றேன். "அது எனக்குத் தெரியும் பெரியவரே, உக்காரு" என்றான். வழியெல்லாம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். பாதி படிப்பதற்குள் பஸ் தாண்டிவிடும். ஒரு பலகை 'முந்திரி' என்பதோடு நின்றுவிட்டது, முந்திரியை விற்கிறார்களா வாங்குகிறார்களா என்று தெரியாமலே போய்விட்டது. உன் வீட்டுக்கு வந்தால் நீ கடலூரில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தாய். கவிதா காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து அந்தச் சேதியைச் சொன்னாள்.

"அவுரு மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டாரு மாமா. மெட்ராசுல ஆபீசுக்குள்ளயே ஒக்காந்து பாக்கற வேலையாம். ஏரி, மழை, ஷட்டரு எதுவும் வேணாமாம். அடுத்த மழைக்கு வேற எவனாவது கையெழுத்து போடட்டும்னு சொல்றாரு."

காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். மாதக்கணக்கில் மழையில் நின்று ஏரி ஏரியாகக் கரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினீயர் பிள்ளை, மழைப் பக்கமே திரும்ப மாட்டேன் என்கிறான். இதை எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான். டிவியில் கடலில் இன்னொரு காற்றழுத்தம் என்கிறார்கள். அது வருவதற்குள் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும். நீ அறிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதே. உன் பக்கத்திலிருந்துதான் நீ பார்த்திருக்கிறாய். என் பக்கத்திலிருந்து அது வேறு மாதிரி இருந்தது.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்ததும் நம் ஊரில் வழக்கமாக என்ன செய்வார்கள்? உபரித் தண்ணீர் வழிகிற அந்தக் கல் கட்டையின் மேல் மணல் மூட்டைகளை வரிசையாக அடுக்குவார்கள். கடலுக்குப் போகிற தண்ணீரில் ஒரு முழத்தைப் பிடித்து வைத்தால் தை மாதம் பயிருக்குப் பாய்ச்சுகிற கடைசித் தண்ணீருக்கு உதவுமே என்று. இந்த வருடமும் முன்னால் நின்று அடுக்கியது நானும் உன் கலியமூர்த்தி மாமாவும்தான். அதில் யாருக்கும் தப்பு தெரியவில்லை. புயல் வருகிறது என்று சொன்ன அன்று ஏரி அந்த மூட்டை வரைக்கும் ததும்பி நின்றது. கரைக்கு நேர் கீழே காலனி. கரையில் ஓர் இடத்தில் கசிவு என்று நீ ஜீப்பில் வந்து இறங்கினாய். ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் வடிகாலில் போகும், வடிகால் தூர்ந்து கிடப்பதால் வழிந்து வயல்களில் ஏறும், முதலில் ஏறுவது நம் வயலில். இவ்வளவும் தெரிந்துதான் திறக்கச் சொன்னாய்.

நான் ஓடிவந்தது உனக்கு நினைவிருக்கும். வேட்டியெல்லாம் சேறு.

"தம்பி, அது நம்ம வயலுடா."

"தெரியும்ப்பா."

"நட்ட நாத்து இன்னும் பச்ச புடிக்கலடா."

"அதுவும் தெரியும்ப்பா. கரையில ஊத்து எடுக்குது. நீ வீட்டுக்குப் போ, நனையாத."

நான் நனையக்கூடாது என்று சொல்லிவிட்டு என் வயலை நனைக்கிறானே என்று எனக்கு ஆத்திரம். நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஷட்டர் ஏறுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்குத் திரும்பும்போது வழியில் வரப்பு ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. மறுநாள் மழை இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. புயல் ஆந்திரா பக்கம் திரும்பிவிட்டது. இங்கே சுள்ளென்று வெயில். வெயிலைப் பார்த்து யாராவது வயிறெரிவார்களா? நாங்கள் எரிந்தோம். வயலில் தண்ணீர் வடியவில்லை, நாற்று அழுகி நாற்றம் எடுத்தது. கலியமூர்த்தி நம் வாசலில் வந்து நின்று, தெரு கேட்கும்படி, "என்னா மச்சான், ஆந்திராவுல பேயற மழைக்கு உம்புள்ள நம்மூர்ல ஷட்டர தொறக்கறான்? படிச்ச படிப்பு ஜாஸ்தியாயிடுச்சா?" என்றார். தெருவே சிரித்தது. நானும் வாய் கோணிச் சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஏன்ணா, என் புள்ளைய சின்னதுல நாய் கடிச்சிதே, ஞாவகம் இருக்குதா ஒனக்கு?"

"இருக்குது. அதுக்கு என்னா இப்போ?"

"கடலூரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நாளைக்கு ஒரு ஊசின்னு தூக்கிக்கிட்டு ஓடனோம். தொப்புள சுத்தி ஊசி. வயிறு வீங்கிப் போயி, சோறு எறங்காம, அம்மா வேணாம்மான்னு கத்துனான். அந்த நாயி என்னா ஆச்சி?"

"என்னா ஆச்சி? அது பாட்டுக்கு நல்லா இருந்துச்சி. நம்ம தெருவுலயேதான் குட்டி போட்டுக்கிட்டுக் கெடந்துச்சி."

"நல்லாதான் இருந்துச்சி. அதுக்கு வெறி இல்ல. அப்போ ஊசி போட்டது தப்புன்னு நீ வந்து சொன்னியா? இதே வாசல்ல நின்னு, புள்ளைய வீணா குத்திக் குத்திக் கெடுத்துட்டியேன்னு கேட்டியா? நீதான அண்ணா சைக்கிள்ல ஒக்கார வெச்சி மிதிச்சிக்கிட்டுப் போன!"

கலியமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். உன் அம்மா உன்னை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று மட்டும்தான் அன்றைக்கு நான் எடுத்துக்கொண்டேன். அதற்குள் இருந்த கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. ஊசிக்கும் வலி உண்டு, வீக்கம் உண்டு. அது நாம் விரும்பாத விளைவு, ஆனாலும் நிச்சயமாக வரக்கூடியது. வெறி வருவது நிச்சயமில்லை, ஆனால் வந்தால் பிள்ளை இல்லை. அதையும் இதையும் மனசுக்குள் நிறுத்திப் பார்த்துத்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நிறுத்துப் பார்க்கிறோம் என்று தெரியாமலே பார்த்தோம். நாய் நன்றாக இருந்தது பின்னால் தெரிந்த சேதி. முன்னால் எடுத்த முடிவை அது எப்படிக் கெடுக்கும்?

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். ஊர்க்காரர்கள் விளக்கம் கேட்டார்கள் என்று நீ வந்தாய். சத்துணவுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தோம். கரும்பலகை எங்கள் வகுப்புப் பலகை, என் கையால் 'அம்மா', 'வயல்' எல்லாம் எழுதிய பலகை. அதை அழித்துவிட்டு நீ எழுத ஆரம்பித்ததும் எனக்கு ஒரு பெருமை. கோபத்தோடுதான் வந்திருந்தேன், ஆனாலும் என் பிள்ளை எழுத எழுத நான் படிக்கிறேன் என்பதில் கோபம் பாதி கரைந்துபோனது. உன் எழுத்தை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தேன். முதல் வரி 'இன்றே திற'. இரண்டாவது வரி 'பொறுத்திரு'. அதற்குக் கீழேயும் ஏதோ எழுதினாய், எனக்கு அங்கே வர நேரம் ஆகும்.

நீ சொன்னது எளிமையாகத்தான் இருந்தது. நடக்கக்கூடிய கெடுதலிலேயே பெரிய கெடுதலுக்கு நூறு மார்க். ஒன்றும் நடக்காவிட்டால் பூஜ்யம். மற்றக் கெடுதல்களை இரண்டுக்கும் நடுவில் எங்கே வைப்பது என்று நாங்கள் சொல்ல வேண்டும். பிறகு அது எத்தனை தடவை நடக்கும் என்று பார்த்துப் பெருக்க வேண்டும். "பத்து தடவ இதே மாதிரி மானம் இருட்டிக்கிட்டு வருதுன்னு வெச்சிக்குங்க. ஒம்போது தடவ ஒண்ணும் ஆவாது. ஒரு தடவ கரை போயிடும்" என்றாய். கரை உடைந்து காலனி அடித்துக்கொண்டு போவது நூறு. பத்தில் ஒரு தடவை. நூறை ஒன்றால் பெருக்கு, நூறு. ஷட்டரைத் திறந்தால் பயிர் அழுகுவது பத்துக்குப் பத்து நிச்சயம். "அந்தப் பயிருக்கு எத்தன மார்க்குன்னு நீங்க சொல்லுங்க" என்று சுண்ணாம்புக்கட்டியை நீட்டினாய்.

உன் மாமாதான் முதலில் வாய் திறந்தார். "காலனிக்கு என்னாத்துக்குடா நூறு? தண்ணி வந்தா அவுங்க ஸ்கூல்ல போயி படுத்துக்குவாங்க, கவுர்மெண்டு சோறு போடும். நம்ம நெல்லு எங்க போயி படுத்துக்கும்?"

சிலபேர் சிரித்தார்கள். கதவோரம் பச்சையம்மாள் நின்றிருந்தாள். காலனியிலிருந்து நம் வயலுக்கு நடவுக்கு வருகிறவள், எங்கள் வகுப்பில் எனக்குப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து எழுதுகிறவள். "நாங்க படுத்துக்குவோம் தம்பி. எங்க ஆடு எங்க படுத்துக்கும்? அத எழுதுனியா?" என்றாள்.

"எழுதறேன்க்கா. எழுதாம வுட்டா அதுக்கு பூஜ்யம்னு ஆயிடும். ஞாவகம் வர்றதயெல்லாம் சொல்லுங்க" என்று ஆட்டையும், இன்னொருவர் சொன்ன ரோட்டையும் எழுதினாய். அந்த வார்த்தை எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. இப்போது அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒருவர் அறுபது என்றார், ஒருவர் எண்பது என்றார். நான் நியாயஸ்தன் அல்லவா, எழுந்து நின்று, "முப்பது போடுடா. நூத்துக்கு முப்பது. அதுக்குக் கீழ போவக்கூடாது" என்றேன். ஊரே தலையாட்டியது. நீ 'பயிர் 30' என்று எழுதினாய். என் வாயிலிருந்து வந்த எண் என் பிள்ளையின் கையெழுத்தில் பலகையில் நிற்கிறது! எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கம். முப்பதைப் பத்தால் பெருக்கி முந்நூறு என்று எழுதினாய். நூறைவிட முந்நூறு பெரிய கெடுதல். ஆகவே திறந்திருக்கக்கூடாது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று கை தட்டினார்கள்.

கை தட்டி முடியும் வரை நின்றுவிட்டு என்னைத்தான் கேட்டாய். "அப்பா, நூறுல முப்பது எத்தன தடவ போவுது?"

வகுப்பில் சுமதி கேட்டால் எப்படிச் சொல்வேனோ அப்படி நிமிர்ந்து நின்று, "மூணு தடவ போவும். மிச்சம் பத்து" என்றேன்.

"அப்ப நம்ம நெல்லு மூணு தடவ அழுவுனா தாங்கிக்கலாம். நாலாவது தடவையும் அழுவறதுக்கு, காலனி அடிச்சிக்கிட்டுப் போனாலே தேவல. நீ போட்ட மார்க்குக்கு அர்த்தம் அதாம்ப்பா. நான் எட்டு போட்டேன். நெல்லு பன்னெண்டு தடவ அழுவுனாலும் தாங்கிக்கலாம்னு அர்த்தம். அதனாலதான் தொறந்தேன்."

தம்பி, தலையில் யாரோ கட்டையால் அடித்தது போல் இருந்தது. நான் அப்படிச் சொல்லவே இல்லையே! அப்படி ஒரு வார்த்தை என் வாயில் வருமா? ஆனால் எண் என்னுடையது. வகுத்ததும் நான்தான். மூன்று தடவை, மிச்சம் பத்து என்று பெருமையாகச் சொன்னதும் நான்தான். பச்சையம்மாள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது பலகையைப் பார்ப்பாளே, அப்படி என் முகத்தைப் பார்த்தாள்.

அதிர்ச்சியில் ஒரு மனிதன் என்ன செய்வான்? நல்லவனாக இருந்தால் வாயை மூடுவான். உன் மாமா, "கணக்கு போட்டு எங்கள கொலகாரனாக்குறியாடா?" என்று எழுந்தார். கூடம் முழுக்கக் கூச்சல். நான் அந்தக் கூச்சலோடு சேர்ந்துகொண்டு, "எம்புள்ளயா இருந்தாலும் அவன் பண்ணுனது தப்புதான்யா! மழ வந்துச்சா? வரலல்ல?" என்று கத்தினேன். நீ சுண்ணாம்புக்கட்டியைப் பலகைக்கு அடியில் வைத்தாய், கையைத் தட்டினாய், பைக்கை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போய்விட்டாய். சாப்பிடவில்லை. உன் அம்மா வாளைமீன் குழம்பு வைத்திருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் வகுப்புக்குப் போனேன். சுமதி பலகையை அழிக்கவில்லை. "ராத்திரி பூரா கண்ண மூடுனா அந்த முப்பதுதான் தெரியுது மாமா. அழிக்கக் கை வரல" என்றாள். பச்சையம்மாள் பாயில் உட்கார்ந்துகொண்டே, "ஏன் பெரியவரே, கடசியா எங்க ஊட்டுக்கு எத்தன மார்க்கு போட்டீங்க? ஆட்டயும் சேத்தா, ஆட்ட வுட்டுட்டா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பலகையைப் பார்த்தேன். பார்த்ததும் பழக்கதோஷம், எழுத்துக் கூட்ட ஆரம்பித்துவிட்டேன். முதல் வரி. இரண்டாவது வரி. அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி இருந்ததே, அதற்கு அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தேன்.

'மூட்டைகளை எடு, வடிகாலை வெட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திற' என்று இருந்தது. அதற்கு எதிரே மார்க் போடும் இடத்தில் நீ ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாய். கோடு மட்டும் போட்டிருந்தாய். எங்களைக் கேட்டு நிரப்புவதற்காக விட்ட இடம்.

நான் மெதுவாகப் படிக்கிறவன். இரண்டு வரி படித்ததும் முப்பது என்று கத்திவிட்டேன். மூன்றாவது வரியைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளும் அந்தக் கூடத்தில் இருந்தார்கள்தான். அவர்கள் உன்னைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கெடுதலை எதிரெதிரே நிறுத்தி எது பெரிது என்று நாங்கள் அடித்துக்கொண்டபோது, இரண்டையும் குறைக்கிற வழி எங்கள் மூக்குக்கு நேராக வெள்ளையாக எழுதியிருந்தது. இன்னொன்றும் உறைத்தது. மூட்டை அடுக்கியது யார் என்று உனக்குத் தெரியும். அந்த ஒரு முழத் தண்ணீர் இல்லாமல் இருந்திருந்தால் ஷட்டரை அவ்வளவு தூக்கியிருக்கவே வேண்டாம். அதை நீ கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் உன்னை விட்டுவிட்டு என்னையும் உன் மாமாவையும் பிடித்திருக்கும். நீ 'மூட்டைகளை எடு' என்று மட்டும் எழுதினாய். யார் வைத்த மூட்டை என்று எழுதவில்லை.

கலியமூர்த்தியிடம் போனேன். திட்டினார். "நீயும் உம்புள்ளையும் மாறி மாறிக் கணக்கு போடுங்க. என்னய வுட்டுடுங்க மச்சான்" என்றார். நான் மண்வெட்டியோடு தனியாகக் கலங்கலில் இறங்கினேன். ஊறிப்போன மணல் மூட்டை அசையவில்லை. பின்னாலேயே வந்து கரையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கலியமூர்த்தி பொறுக்க மாட்டாமல், "அடுக்கத் தெரியல, எடுக்கவும் தெரியல ஒனக்கு. அந்தாண்ட புடி" என்று இறங்கிவிட்டார். பிறகு வடிகால். ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டி, தண்ணீர் போகிற வழியே தெரியவில்லை. காலனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், நம் தெருவிலிருந்தும் வந்தார்கள். பச்சையம்மாள் அரிவாளோடு வந்து, "எங்க ஆட்டுக்காவ வந்தேன், ஒங்க நெல்லுக்காவ இல்ல" என்றாள். கலியமூர்த்தி, "ஆட்டுக்கு வந்தவ ஆட்டுப்பக்கமா வெட்டு, எம்பக்கம் வராத" என்றார். இப்படியே பேசிக்கொண்டு வெட்டினார்கள். வயலில் நின்ற தண்ணீர் அன்றைக்கே இறங்க ஆரம்பித்தது. நம் வயலில் மேட்டுப் பக்கம் கொஞ்சம் நாற்று பிழைத்திருக்கிறது, மறுநடவு போட்டால் தேறும் என்கிறார்கள்.

அதற்குப் பிறகு நீ விட்ட இடத்தை நான் நிரப்பினேன். சுமதியைக் கேட்டுச் சுண்ணாம்புக்கட்டியை வாங்கினேன். முதலில் என் முப்பதை அழித்தேன். உன் எட்டைப் போடலாம் என்றுதான் கை போனது. போட முடியவில்லை, தம்பி. பொய் சொல்லக்கூடாது. நட்ட பயிர் அழுகினால் எனக்கு எட்டைவிட ஜாஸ்தி வலிக்கிறது. பத்து போட்டேன். பத்தைப் பத்தால் பெருக்கினால் நூறு. அந்தப் பக்கமும் நூறு. சமமாக வந்துவிட்டது! உன் கணக்கு என்னை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் என்று நினைக்கவே இல்லை. பிறகு மூன்றாவது வரிக்கு வந்தேன். வடிகால் ஓடினால் தண்ணீர் வயலில் தங்காது, நாற்று கொஞ்சம் மஞ்சளாகப் பழுக்கும், அவ்வளவுதான். அதற்கு நாலு போட்டேன். நாலைப் பத்தால் பெருக்கு, நாற்பது. பச்சையம்மாள் விரல் விட்டு எண்ணிச் சரி பார்த்து, "நாப்பதுதான்" என்றாள். நாற்பது எங்கே, நூறு எங்கே! மனசில் வைத்த மார்க்கைக் குறைக்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது! மண்வெட்டியால் கெடுதலையே குறைப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது.

இப்போது உன்னிடம் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். எழுதாமல் விட்டால் பூஜ்யம் என்று ஆட்டுக்காக ஒரு வரி எழுதினாயே, அந்தப் பலகை முழுவதையும் தேடினேன், உனக்கு ஒரு வரி இல்லை. நெல், காலனி, ஆடு, ரோடு எல்லாம் இருக்கிறது. திறந்தவன் வாங்கிய பேச்சு இல்லை. பெற்ற அப்பன் ஊருக்கு நடுவில் தப்பு என்று கத்தியது இல்லை. சாப்பிடாமல் போனது இல்லை. திறந்தாலும் உனக்கு அடி, திறக்காவிட்டாலும் உனக்கு அடி. அதற்கு நீ பூஜ்யம் போட்டுக்கொண்டாய். ஒரு தடவை போடலாம். ஒவ்வொரு மழைக்கும் பூஜ்யம் போட்டால் ஒருநாள் மாற்றல் வாங்கிக்கொண்டு போகத்தான் தோன்றும். அதற்கு எத்தனை மார்க் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒரு வரி எழுது. எழுதினால்தான் அதையும் குறைக்க என்ன வழி என்று பார்க்கலாம். என் பங்குக்கு ஒன்று செய்துவிட்டேன். நேற்று கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது எழுந்து நின்று, அன்றைக்கு நான் கத்தியது தப்பு, என் பிள்ளை திறந்தது சரி, மழை வராததால் அது தப்பாகிவிடாது என்று சொன்னேன். கலியமூர்த்தி, "நாயிக்கு வெறி இல்லன்னாலும் ஊசி ஊசிதான்" என்று முணுமுணுத்தார். அவர் அளவுக்கு அது பெரிய மன்னிப்பு, வாங்கி வைத்துக்கொள்.

நீ மெட்ராசுக்குப் போகக்கூடாது என்று நான் கட்டளை போடவில்லை. ஆனால் இதை யோசி. நீ போனால் அந்த இடத்துக்கு ஒருவர் வருவார். நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு இந்த ஏரிக்குக் கீழே சொந்த வயல் இருக்காது. தன் வயலையே முதலில் நனைத்தேன் என்று அவரால் ஊருக்குச் சொல்ல முடியாது, பேச்சு வாங்கப் பயந்து பொறுத்திருப்பார். பத்தில் ஒன்பது தடவை அவருக்கு நல்ல பெயர் கிடைக்கும். அந்த ஒரு தடவையில் காலனி போய்விடும். காலனிப் பிள்ளைகள் கரைமேல் விளையாடுவதை வடிகால் வெட்டும்போது பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்களை நூறு என்கிற ஒரு எண்ணாகப் பலகையில் எழுதினாயே என்று அன்றைக்குக் கோபம் வந்தது. எழுதாமல் விட்டிருந்தால் என்ன எண் ஆகியிருக்கும் என்று இன்றைக்குப் புரிகிறது.

இந்தக் காற்றழுத்தம் இங்கே வரும் என்கிறார்கள், வேறு பக்கம் திரும்பும் என்றும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். நீ வா. கரையைப் பார். திறக்கவேண்டிய அளவு இருந்தால் திற. இந்தத் தடவையும் தண்ணீர் முதலில் ஏறுவது நம் வயலில்தான். நான் குடையோடு உன் பக்கத்தில் வந்து நிற்பேன், வயலைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன்.

அடுத்த வாரம் உனக்கு இன்னொரு கடிதம் வரும். மழை கொட்டியிருந்தாலும், வெயில் அடித்திருந்தாலும், நீ கணக்குப் பார்த்துச் செய்தது சரிதான் என்று அதில் எழுதியிருப்பேன். நான் மெதுவாக எழுதுகிறவன் அல்லவா, அதில் பாதியை இப்போதே எழுதி முடித்துவிட்டேன்.

உன் அப்பா